குழந்தைவேல் சாய்ந்த சுவர்

மார்கழி 8, ஞாயிறு

டீச்சர், முதலில் என்னை மன்னிக்க வேண்டும். எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கிறது. சிலது கோட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது, சிலது கீழே தொங்குகிறது. மூட்டை தூக்கிய கை. பேனாவை லேசாகப் பிடிக்கச் சொல்கிறீர்கள். லேசாகப் பிடித்தால் அது கையில் இருப்பதே எனக்குத் தெரிவதில்லை. அழுத்திப் பிடித்தால் தாள் ஓட்டையாகிறது. இந்தப் பக்கத்தில் இருக்கும் ஓட்டை அப்படி வந்ததுதான்.

என் பெயர் செங்கோடன். உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். செங்கோடன். இன்னொரு முறை எழுதலாம் போல இருக்கிறது. செங்கோடன். அறுபத்தெட்டு வயது வரை இந்தப் பெயரைப் பிறர்தான் எழுதினார்கள். நான் பக்கத்தில் கட்டைவிரல் வைத்தேன்.

சங்ககிரியில் லாரிகளுக்குப் பாரம் ஏற்றி இறக்கிய ஆள் நான். இப்போது இடுப்பு ஒத்துழைப்பதில்லை. அரையாண்டு லீவிலும் பொங்கல் லீவிலும் வீட்டில் நடப்பதை நடந்தபடி எழுதி வாருங்கள் என்றீர்கள். வளர்மதி கல்யாணமும் இருப்பதால் அது முடியும்வரை எனக்கு முதியோர் வகுப்பும் இல்லை. எழுத நிறைய இருக்கும்.

வளர்மதி என் மகள். தை பதினொன்றில் அவளுக்குக் கல்யாணம். அதற்குள் வீடு முழுக்க உள்ளே சுண்ணாம்பு அடிக்க வேண்டும். அதை நானே அடிக்கப் போகிறேன்.

நான் எழுதுவதைப் பாவாயி பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என் வீட்டுக்காரி. “என்னுங்க, டீச்சரு கேட்டா சொல்லுங்க, காலையில பல்லு வெளக்குனேன், அழுவாமப் பள்ளிக்கோடம் போனேன்னு” என்கிறாள். அதையும் எழுதிவிட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

மார்கழி 9, திங்கள்

காளவாயிலிருந்து சுட்ட சுண்ணாம்புக்கல் வந்தது. கொல்லையில் இருக்கும் இரும்பு டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கல் முதலில் சும்மா இருந்தது. பிறகு ஒரு கல் வெடித்தது. அடுத்து எல்லாக் கல்லும் முனகின. டிரம் கொதிக்க ஆரம்பித்தது. அடியில் நெருப்பு கிடையாது, விறகு கிடையாது, தண்ணீர்தான் நெருப்பு. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், அலுக்கவில்லை.

வளர்மதி சமையல்கட்டிலிருந்து, “அப்பா, மூஞ்சியக் கொண்டு போயி உள்ளார நொழைக்காதீங்க, கண்ணாலத்துல கண்ணுக்குக் கட்டுப் போட்டுட்டு நிப்பீங்க” என்று சத்தம் போட்டாள்.

மார்கழி 11, புதன்

பழைய சேலையில் சுண்ணாம்பை வடிகட்டினேன். கஞ்சித் தண்ணீர், உப்பு, கொஞ்சம் நீலம். கை வலிக்கிறது. இன்றைக்கு இவ்வளவுதான்.

மார்கழி 13, வெள்ளி

முன்னறை முடிந்தது. முதல் பூச்சு மேலிருந்து கீழ். அது காய்ந்ததும் இரண்டாவது பூச்சு குறுக்கே. கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைத் தொட வேண்டும். இல்லையென்றால் சுண்ணாம்பு தோலைத் தின்றுவிடும்.

ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்பு ஒன்றையும் மறைப்பதில்லை. தண்ணீர் மாதிரி இருக்கும். அடியில் உள்ள கறை, கீறல், ஆணி அடித்த இடம் எல்லாம் முன்னைவிட நன்றாகத் தெரியும். காயக் காயத்தான் வெள்ளை ஏறி அவை போகும். புதிதாக அடிப்பவர்கள் இதைப் பார்த்துப் பயந்து மேலே மேலே அப்புவார்கள். அப்புறம் பொருக்குப் பொருக்காக உதிரும். பொறுத்திருக்க வேண்டும்.

உள்ளறையை நாளைக்கு அடிக்கலாம் என்று வைத்திருக்கிறேன். நேற்றும் அப்படித்தான் வைத்தேன்.

மார்கழி 15, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரு பையன். குழந்தைவேல். வளர்மதிக்கு மூத்தவன். லாரி ஓட்டினான். எட்டு வருடத்துக்கு முன்னால் வடக்கே பாரம் ஏற்றிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. ரோட்டோரம் லாரி நின்றிருந்தது. சாவி வண்டியிலேயே இருந்தது. சீட்டுக்கு அடியில் அவன் செருப்பு இருந்தது. அவன் இல்லை. நானும் லாரி முதலாளியும் போய் அலைந்தோம். பாஷை தெரியாத ஊர். போர்டைப் படிக்கவும் எனக்குத் தெரியாது. வெறும் கையோடு திரும்பினோம்.

அவன் லாரி நடை முடிந்து வீட்டுக்கு வந்தால் உள்ளறையில் சுவரோரம் காலை நீட்டி உட்காருவான். தலைக்கு வழிய வழிய எண்ணெய் வைப்பான், செக்குத் தேங்காய் எண்ணெய்தான். தலையைச் சுவரில் சாய்த்து அப்படியே தூங்குவான். “படுத்துத் தூங்கு சாமி” என்று பாவாயி சொன்னால், “சீட்டுல தூங்கிப் பழகிருச்சும்மா” என்பான். அவன் தலைபட்ட இடத்தில் எண்ணெய் இறங்கி, சுவரில் ஒரு வட்டத் தடம். ஒரு சொம்பின் வாயகலம் இருக்கும். இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

எண்ணெய் சுண்ணாம்புக்கு அடங்காது. எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவன் போன பிறகு வந்த முதல் பொங்கலுக்கு நான் அந்தச் சுவருக்கும் வெள்ளை அடித்தேன். நாலைந்து நாளில் தடம் மேலே வந்தது. பாவாயி அதைத் தொட்டுப் பார்த்தாள். “வந்து உக்காந்துட்டுப் போயிருக்கான். எங்கியோ உசுரோடதான் இருக்கான்” என்றாள். அதுவரை சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தவள் அன்றைக்கு எழுந்து குளித்தாள்.

அதிலிருந்து வருடா வருடம் அப்படித்தான். சுண்ணாம்பு அடிப்பேன். அவள் காத்திருப்பாள். தடம் வரும். அவள் அந்த வருடத்துக்குப் பிழைத்துக்கொள்வாள்.

கொத்தனார் மாரப்பன் எனக்குக் கூட்டாளி. அவன் ஒருமுறை, “செங்கோடண்ணா, அது மூணாம் வருசமே மங்கிருக்கோணுமே” என்றான். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இன்றைக்கு உள்ளறை அடித்தேன். ஈரத்தில் தடம் நன்றாகத் தெரிந்தது. முகம் திருப்பிக்கொண்டு ஒருவன் அங்கே உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. காய்ந்ததும் போய்விட்டது.

மார்கழி 18, புதன்

காலையில் பார்த்தேன். இன்னும் வரவில்லை. பாவாயியும் பார்த்தாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் பைபாஸ் வரை நடந்தேன். போகிற லாரிகளில் எழுதியிருப்பதைப் படித்தேன். முன்னால் ஊர் பெயர், தலைக்கு மேலே சாமி பெயர், பின்னால் பிள்ளைகள் பெயர். ஒரு லாரியில் நாலு பிள்ளைகள் பெயரும் இருந்தது, நாலையும் படித்துவிட்டேன்! எழுத்து தெரிவதற்கு முன்பும் தினமும் இங்கே வந்து நிற்பேன். அப்போது டிரைவர் முகத்தை மட்டும் பார்ப்பேன்.

எதற்குப் படிக்க வந்தீர்கள் என்று முதல் நாள் கேட்டீர்கள். பஸ் போர்டு படிக்க என்றேன்.

மார்கழி 20, வெள்ளி

தடம் வந்துவிட்டது. பாவாயி கோழிக்குழம்பு வைத்தாள்.

மார்கழி 21, சனி

சம்பந்தி வந்தார். மாப்பிள்ளையின் அப்பா, ராமலிங்கம். நல்ல மனிதர், பேச்சில் சர்க்கரை. வீட்டைச் சுற்றிப் பார்த்து, “பளிச்சுன்னு பண்ணிப்போட்டீங்க சம்பந்தி” என்றார். உள்ளறைக்கு வந்ததும் தடத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அவருக்குக் கதை தெரியும். ஊருக்கே தெரியும்.

என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போனார். “தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. எனக்கு ஒண்ணுமில்ல. எங்கூட்டுப் பொம்பளைங்க பயப்படறாங்க. இருக்கறானா போயிட்டானான்னு தெரியாத ஆளு. அவன் தடம் செவுத்துல. எட்டு வருசமாச்சு. ஆத்துல போயி எள்ளுந்தண்ணி எறைச்சு முடிச்சுட்டீங்கன்னா அவனுக்கும் வழி கெடைக்கும், கல்யாணப் புள்ளையும் நல்லபடியா எங்கூட்டுக்கு வரும்.”

பாவாயி வெளியே வந்துவிட்டாள். “ஏனுங்ண்ணா, உங்க பையன் ஊருக்குப் போயி நாலு நாள் போன் பண்ணலீன்னா எள்ளு வாங்கப் போயிருவீங்களா?” என்றாள்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் நடுவில் புகுந்தேன். காரியமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முகூர்த்தக்கால் நடுவதற்குள் தடத்தை இல்லாமல் செய்துவிடுகிறேன் என்றேன். அவருக்கும் அது போதும் போலத் தெரிந்தது. “தடம் போச்சுன்னா எங்கூட்டுல நான் பேசிக்கறேன். பெயிண்டு அடிச்சுருங்க, நானே ஆளு அனுப்பறேன்” என்றார்.

“சுண்ணாம்பே போதுங்க மாமா, பெயிண்டு இந்தச் செவுத்துல நிக்காது” என்று காபி டம்ளரோடு வளர்மதி குறுக்கே வந்து சொன்னாள். வரப்போகிற மாமனாரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவர் போன பிறகு பாவாயி தடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

மார்கழி 22, ஞாயிறு

சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தேன். சோடா உப்பு போட்டுத் தேய்த்தேன். படிகாரம் கரைத்துப் பூசினேன். சுவர் அழுததே தவிர தடம் போகவில்லை.

மார்கழி 23, திங்கள்

பாவாயியும் வளர்மதியும் பத்திரிகை வைக்கத் திருச்செங்கோட்டுக்குப் போயிருந்தார்கள்.

மாரப்பனை வரச்சொன்னேன். உளியும் சுத்தியும் கொண்டுவந்தான். “நெசமாத்தான் சொல்றீங்களாண்ணா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் உளியை என்னிடம் நீட்டினான். “மொதக் கொத்து நீங்களே போட்ருங்க. நாளைக்கு அந்தம்மா கிட்ட என்னையக் காட்டிக் குடுக்கக் கூடாது.”

நானே கொத்தினேன். தடத்தைச் சுற்றி ஒரு முறம் அகலத்துக்குப் பழைய பூச்சு செங்கல்வரை வந்துவிட்டது. பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பு ஏடு ஏடாக உதிர்ந்தது. அதற்கு அடியில் மஞ்சளாக, மெழுகு மாதிரி ஒரு கட்டி. முகர்ந்து பார்த்தேன். இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் எண்ணெய் வாசம் இருந்தது. அதை மட்டும் தனியாக எடுத்துத் துணியில் முடிந்து முருங்கை மரத்தடியில் புதைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. மற்றதைச் சாக்கில் அள்ளி வெளியே கொட்டினோம்.

மாரப்பன் புதிதாகச் சுண்ணாம்புக் காரை பூசி மட்டம் தட்டிவிட்டுப் போனான்.

கல்யாணத்துக்காகத்தான் கொத்தினேன். வேறு காரணம் ஒன்றுமில்லை.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். ஈரக் காரை கறுப்பாகத் தெரிந்தது. பாவாயி பையைக் கீழே வைக்காமல் அதைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள்.

“எட்டு வருசமாச் சாவாதவன, இன்னைக்கு நீங்க கொன்னுட்டீங்க.”

மார்கழி 25, புதன்

பாவாயி சோறு ஆக்குகிறாள், போடுகிறாள். அவள் தின்பதில்லை. வளர்மதி தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போகிறாள். “அம்மா, ஒரு வாயி.” “எனக்குப் பசியில்ல கண்ணு.” “கண்ணாலத்துல நீ மயங்கி உழுந்தீன்னா எம் மானந்தான் போவும்.” சிரிக்க வைக்கப் பார்க்கிறாள். பாவாயி சிரிக்கவில்லை.

மார்கழி 27, வெள்ளி

புதுக் காரை மேல் மூன்று பூச்சு அடித்தேன். நல்ல வெள்ளை. பார்க்கக் கண் கூசுகிறது. அந்த அறைக்குள் போக எனக்குப் பிடிக்கவில்லை.

மார்கழி 29, ஞாயிறு

காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ எல்லாம் வாசல் நிலையில் செருகினேன். வருடா வருடம் பாவாயி குழந்தைவேல் பெயருக்கு ஒரு கொத்து தனியாகச் செருகுவாள். இந்த வருடம் செருகவில்லை. அவள் பார்க்காதபோது நான் செருகினேன். திரும்பிப் பார்த்தால் வளர்மதி இன்னொரு கொத்தோடு நிற்கிறாள். இரண்டையும் வைத்தோம்.

தை 1, திங்கள்

பொங்கல். பால் பொங்கியது. யாரும் குலவை போடவில்லை.

தை 3, புதன்

எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

தடம் வந்திருக்கிறது.

புதுக் காரை, டீச்சர். என் கையால் செங்கல்வரை கொத்தினேன். பழைய எண்ணெய் முருங்கை மரத்தடியில் இருக்கிறது. போய்த் தோண்டிப் பார்த்தேன், துணிமுடிச்சு அப்படியே இருக்கிறது. சுவரில் அதே இடம், அதே உயரம்.

பாவாயி விடியக் கோலம் போட எழுந்தவள்தான் முதலில் பார்த்தாள். என்னை அடித்து எழுப்பினாள். “ஏனுங்க, எந்திரிங்க, வந்து பாருங்க! கொத்துனீங்களே, கொத்துனீங்களே, இப்பப் பாருங்க!” சிரிக்கிறாள், அழுகிறாள். சுவரைத் தொட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். “என்ற கொழந்த. எங்கியும் போவல. அப்பன் பண்ணுனதக்கூட மனசுல வெச்சுக்கல.”

பழைய சோறு ஒரு வட்டில் நிறையத் தின்றாள். மோர்மிளகாய் கேட்டு வாங்கித் தின்றாள்.

எனக்கு மேல் சிலிர்த்தபடியே இருக்கிறது. அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டவும் முடியவில்லை, முகத்தைக் காட்டவும் முடியவில்லை. என் கை எண்ணெய் பட்டிருக்குமோ என்று யோசித்தேன். என் கை பட்டால் விரல்தான் தெரியும். இது தலை.

தை 4, வியாழன்

யாரும் இல்லாதபோது கிட்டப் போய் முகர்ந்து பார்த்தேன். செக்கு எண்ணெய் வாசம் இல்லை. மல்லிகை வாசம் போட்டுக் கடையில் பாட்டிலில் விற்கும் எண்ணெய். இந்த வாசத்தை எங்கேயோ தினமும் முகர்கிறேன். எங்கே என்று பிடிபடவில்லை.

தை 5, வெள்ளி

வளர்மதி தலை சீவிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள்.

சோறு போடும்போது அவள் வலது கையைப் பார்த்தேன். மூன்று விரல் நுனியும் தோல் உரிந்து சிவந்திருக்கிறது. காயாத சுண்ணாம்பைத் தொட்டால் அப்படித்தான் பொத்துப்போகும். “என்ன கண்ணு இது?” என்றேன். “பாத்திரம் வெளக்குனதுங்கப்பா” என்றாள்.

நான் சுவரைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். பந்தல்காரருக்குப் போன் பண்ண வேண்டியிருந்தது, எழுந்து போய்விட்டேன்.

தை 8, திங்கள்

முகூர்த்தக்கால் நட்டோம். சம்பந்தி வீட்டார் ஒரு வேன் நிறைய வந்தார்கள். தடத்தை என்ன செய்வது என்று நான் யாரிடமும் பேசவில்லை. மறுபடி கொத்தவும் இல்லை.

கால் நட்டுப் பூசை முடிந்ததும் சம்பந்தி பேச்சோடு பேச்சாக உள்ளறைப் பக்கம் நடந்தார். பாவாயிக்கு முகம் வெளுத்துவிட்டது. வளர்மதி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். நான் அவரை முந்திக்கொண்டு உள்ளே போனேன். சுவரோரம் தொப்பென்று உட்கார்ந்து காலை நீட்டித் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

அந்த இடத்தில் நான் இதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை. சுவர் ஜில்லென்று இருந்தது. தலை அங்கே சரியாகப் பொருந்தியது. குழந்தைவேல் என் உயரம்தான். அவன் கண்ணுக்கு எது தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். சமையல்கட்டு வாசல் தெரிகிறது. அடுப்புக்கு முன்னால் நிற்கிற ஆள் தெரிகிறது. அவன் தூங்கவில்லை போல. பாதிக் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

“என்னங்க சம்பந்தி, களைச்சுட்டீங்களா?” என்றார் அவர்.

“இடுப்பு புடிச்சுக்கிச்சுங்க. சித்தெ இப்படியே உக்காந்துக்கறேன். நீங்க போயி எலையில உக்காருங்க.”

அவர் என் தலைக்கு மேலே, பக்கத்தில் எல்லாம் பார்த்தார். “செவுரு நல்லா இருக்குது சம்பந்தி. மனசுக்கு நிம்மதி” என்றார். பந்தி முடிந்து வேன் கிளம்பும்வரை நான் எழுந்திருக்கவில்லை. பாவாயி அங்கேயே எனக்கு இலை போட்டாள். ஒரு வடை கூடுதலாக வைத்தாள். நான் கொத்திய நாளிலிருந்து அவள் எனக்கு எதையும் கூடுதலாக வைத்ததில்லை.

தை 11, வியாழன்

கல்யாணம் முடிந்தது. மண்டபத்தில் பெயர்ப் பலகையை நானே படித்தேன். வளர்மதி என்று பூவில் எழுதியிருந்தது. சத்தம் போட்டுப் படித்தேன், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தை 14, ஞாயிறு

மாப்பிள்ளையும் வளர்மதியும் மறுவீடு வந்துவிட்டுப் போனார்கள்.

கிளம்புவதற்கு முன் வளர்மதி கொல்லைக்கு வந்தாள். நான் டிரம்மில் மிச்சமிருந்த சுண்ணாம்புக்குத் தண்ணீர் விட்டு மூடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பட்டுச்சேலை மண்ணில் புரண்டது.

“அப்பா, வாரம் ஒருக்காங்க. ரெண்டு சொட்டுப் போதும். துணியில தொட்டு வெக்கோணும். அம்மா கோயிலுக்குப் போற அன்னைக்கு.”

எது என்று நான் கேட்கவில்லை. எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டேன்.

“மூணாவது பொங்கலுக்கு வரல. அம்மா கெடந்த கெடை உங்களுக்கு ஞாவகமில்லையா? அப்பத்துல இருந்துங்க.” சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். “ஆனா ஒண்ணுங்கப்பா. நான் வெக்கறது சின்னப் பொட்டுத்தான். அது எப்படி அந்த அகலம் வருதுன்னு எனக்கும் தெரியாது.”

ஆணியில் தொங்கும் மட்டைக்குப் பின்னால் சின்ன எண்ணெய்ப் பாட்டில் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். கார் திரும்பும்வரை பாவாயி கையாட்டினாள்.

தை 21, ஞாயிறு

வீட்டில் சத்தமே இல்லை. தடம் மங்குகிறது. புதுச் சுண்ணாம்பு நாளாக நாளாக இன்னும் வெளுக்கும்.

பாவாயி காலையில் எழுந்ததும் அங்கே போகிறாள். விரலால் தடவுகிறாள். “தங்கச்சி போன ஏக்கம் அவனுக்கும் இருக்குமல்லங்க? அதான் வரல” என்றாள். கேள்வி மாதிரி சொன்னாள். ராத்திரிச் சோற்றில் பாதியைப் பூனைக்கு வைத்தாள்.

எண்ணெய்ப் பாட்டில் மட்டைக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. வளர்மதி செய்தாள், அவள் சின்னப் பெண். நான் அப்பன். எனக்குத் தெரிந்துகொண்டே அதை எப்படிச் செய்வது? செய்யாமல் எப்படி இருப்பது? சுண்ணாம்பு ஈரம் காயும்வரை பொறுத்திருக்கலாம். இதற்கு எவ்வளவு நாள் பொறுப்பது?

தை 24, புதன்

பாவாயி இன்றைக்கு ஒரு குண்டைப் போட்டாள்.

“நானும் பள்ளிக்கோடத்துக்கு வாரேங்க. டீச்சர் கிட்டச் சொல்லி வெய்யுங்க.”

“உனக்கெதுக்கு இப்ப?”

“உங்களுக்கெதுக்கு?”

“பஸ் போர்டு படிக்க.”

“எங்கிட்ட வேண்டாம்” என்றாள். “பைபாஸுல போயி எந்த பஸ்ஸப் பாக்கறீங்கன்னு எனக்குத் தெரியாதா? நாளைக்கு அவங்கிட்டருந்து ஒரு கடுதாசி வந்தா நானே படிக்கோணும். நீங்க படிச்சுச் சொன்னா பாதிய முழுங்கிப்போடுவீங்க.”

டீச்சர், அவள் கெட்டிக்காரி. என்னைவிடச் சீக்கிரம் படித்துவிடுவாள். அதனால் ஒரு உதவி. நாளைக்கு வகுப்புக்கு வரும்போது இந்த நோட்டைக் கொண்டுவந்து தருகிறேன். படித்துவிட்டு உங்கள் அலமாரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் திருப்பித் தர வேண்டாம். வேறு நோட்டு வாங்கிக்கொள்கிறேன். லீவு முடிந்தால் வாரத்துக்கு ஒன்று எழுதினால் போதும் என்றீர்கள், அப்படியே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை பாவாயி கோயிலுக்குப் போவாள்.

மாசி 6, ஞாயிறு

புது நோட்டு, முதல் பக்கம். எழுத்து இன்னும் கோணல்தான்.

பாவாயி என் பக்கத்தில் உட்கார்ந்து அ போடுகிறாள். அவள் அ என்னுடையதைவிட நிமிர்ந்து நிற்கிறது. “டீச்சருக்கு என்னென்ன எழுதறீங்க? படிங்க பாக்கலாம்” என்கிறாள். எழுதுவதை அப்படியே சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு உள்ளறைச் சுவரில் தடம் மறுபடியும் வந்திருக்கிறது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. பாவாயி, “ஆமா, அத நல்லாப் பெருசா எழுதுங்க” என்கிறாள்.

இன்று காலையில் அவள் பால் வாங்கப் போயிருந்தபோது கிட்டப் போய்ப் பார்த்தேன். நான் நினைத்திருந்ததைவிட அகலமாக வந்திருக்கிறது. ஒரு சொம்பின் வாயகலம். இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. இந்த வரிகளை மட்டும் சத்தமாகப் படிக்கவில்லை.

இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எண்ணெய் பட்டிருப்பதற்கு மன்னிக்க வேண்டும், டீச்சர். கொல்லைச் சுவருக்கு மிச்சச் சுண்ணாம்பு அடித்தேன், கையில் தடவிய எண்ணெய் அது. எவ்வளவு துடைத்தும் போகமாட்டேன் என்கிறது. வருகிற வாரம் நன்றாகக் கை கழுவிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.